படுகைத் தெருவின் எழுத்து

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். தஞ்சாவூர்-பேராவூரணி ரூட்டில் விசில் ஊதியே தலை நரைத்தவன் நான். படியில் தொங்குகிறவனைத் திட்டி, சில்லறை இல்லாதவனைத் திட்டி, தேங்காய் மூட்டையை டிரைவர் பக்கத்தில் கொண்டுவந்து போடுகிறவனைத் திட்டி ரிட்டயர் ஆனேன். ஆனால் ஒரு வகைப் பயணிகளை மட்டும் நான் திட்டியதே இல்லை.

அவர்கள் அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள். பஸ் எந்த ஊர் வழியாகப் போனாலும் ஊருக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு காலனி ஸ்டாப் இருக்கும். காலேஜுக்குப் போகிற பிள்ளைகள், புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று தங்கள் ஸ்டாப்பைத் தாண்டி அடுத்ததில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வீட்டுக்குப் போவார்கள். டிக்கெட் கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஒன்று வந்து போகும். நானும் அப்படி ஒரு தெருவில் பிறந்தவன்தான், எனக்குத் தெரியாமல் போகுமா? அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்குள் ஒரு நினைப்பு.

என் பெயர் வீரையன். ஊர் தென்னம்படுகை, திருவிடைமருதூருக்குக் கிழக்கே. எங்கள் தெரு ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிறது. எங்கள் அப்பா காலம் வரைக்கும் ஊர்க்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்தவர்கள், வரப்பு வெட்டியவர்கள். இப்போது தெருவில் வாத்தியார் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறாள், பாங்கில் வேலை பார்க்கிறவன் இருக்கிறான். குத்தகைக்கு நிலம் எடுத்துக் குறுவையும் சம்பாவும் போடுகிறவர்களும் உண்டு. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் 'காலனி' என்றே பெயர். மனு மேல் மனு போட்டு அதை 'வடக்குப் படுகைத் தெரு' என்று மாற்றினோம். எழுத்தில் மாறிவிட்டது. கண்டக்டர்கள் இன்னும் "காலனி எறங்கு" என்றுதான் கத்துகிறார்கள்.

அந்தச் சூட்டோடு சூடாகச் சங்கம் ஆரம்பித்தோம். வடக்குப் படுகைத் தெரு மக்கள் நலச் சங்கம். நான் தலைவர். குரல் பெரியது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. செயலாளர் குஞ்சிதபாதம், என் வயதுக்காரன், கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க்காக இருந்தவன். என் வீட்டுக்கு அடுத்த மனையில் ஒரு படிப்பகம் கட்டி முடித்தோம். தை பிறந்ததும் திறப்பு விழா. வாசலில் போர்டு வேண்டும், அதற்கு ஒரு லோகோ வேண்டும் என்றான் குஞ்சிதபாதம். "லோகோ இல்லாத சங்கத்த யாருப்பா மதிப்பா?"

லோகோவுக்காகக் கமிட்டி கூடியது. சூரியன் வரைந்தால் ஒரு கட்சி. இலை வரைந்தால் இன்னொரு கட்சி. பூ கூடாது, கை கூடாது. விளக்குப் போட்டால் நகைக்கடை மாதிரி இருக்கிறதாம். நெற்கதிர் போடலாமே என்று ஒருவர் சொன்னார். "கதிரு அறுத்தது பத்தாதா, போர்டுலயும் அதையே மாட்டணுமா?" என்றாள் என் மனைவி ராமாயி. அதோடு நெற்கதிரும் போயிற்று. நிறத்தில் இறங்கினால் இன்னும் மோசம். நீலம் என்றால் ஒரு முணுமுணுப்பு, சிவப்பு என்றால் ஒரு முணுமுணுப்பு. கடைசியில், படமே வேண்டாம், சங்கத்தின் பெயரை நல்ல எழுத்தில் எழுதி அதையே லோகோவாக வைத்துக்கொள்வோம் என்று நான் சொன்னேன். எல்லோரும் களைத்துப்போய் ஒத்துக்கொண்டார்கள். எந்த எழுத்து என்பதை நான் முன்பே மனதில் முடிவு செய்து வைத்திருந்தேன்.

என் ஒரே மகள் எழில்மொழி கும்பகோணத்தில் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் டிசைனராக இருக்கிறாள். போன வருஷம் எங்கள் ஊர்க் கோயில் தேருக்கு முன்னால் ஒருநாள் செல்போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். தேர்த் திருவிழா அழைப்பிதழ்.

"அப்பா, இந்த எழுத்து பூரா நான் வரைஞ்சது. கம்ப்யூட்டர்ல ரெடியா கெடக்கறத எடுத்துப் போடல. ஒவ்வொண்ணா நானே வரைஞ்சேன்."

எனக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் அது நன்றாக இருந்தது. அடியில் கனத்து, மேலே போகப் போக மெலிந்து, மடை திறந்ததும் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓடுமே, அந்த மாதிரிச் சுழி. அந்த வருஷம் ஊருக்குள் கீழவீதி முழுக்க அந்த எழுத்தில்தான் பேனர். ரேஷன் கடைக்குப் போகிற சாக்கில் ஒவ்வொன்றின் அடியிலும் போய் நின்றேன். "புதுசா இருக்கே எழுத்து" என்று யாரோ சொல்லும்போது, என் மகள் போட்டதுடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. "யார்ட்டயும் சொல்லிக்காதீங்கப்பா" என்று அவள் கேட்டிருந்தாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பிறந்ததற்கு அடக்கம் எங்கிருந்து வந்தது என்று ராமாயியிடம் கேலிகூடப் பேசினேன்.

ஆகவே ஒருநாள் அவளிடம் சொல்லாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், குஞ்சிதபாதத்தையும் கூட்டிக்கொண்டு அவள் கடைக்கே போனேன். மகள் வேலை பார்க்கிற கடைக்குச் சங்கத் தலைவராகப் போகிற சந்தோஷம் எனக்கு. அவளும் சந்தோஷப்படுவாள் என்றுதான் நம்பினேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் ஏசி காற்று முகத்தில் அடித்தது. சுவர் முழுக்க மாதிரிப் பேனர்கள். மஞ்சள் நீராட்டு, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. நட்டநடுவில் எங்கள் ஊர்த் தேர். ஓரமாக இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் ஷமா என்கிற பெண், எழில் வீட்டில் அடிக்கடி சொல்கிற சிநேகிதி. இன்னொன்றில் என் மகள்.

"அம்மாடி" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் அப்படியே நின்றது. பேராவூரணி ரூட்டில் நான் பார்த்துப் பார்த்துப் பழகிய முகம் அது. அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்கிற முகம்.

"மேடம், ஒரு லோகோ போடணும்" என்றேன்.

"வீரையா, நம்ம எ..." என்று ஆரம்பித்த குஞ்சிதபாதத்தின் காலைச் செருப்போடு மிதித்தேன்.

"உக்காருங்க சார்" என்றாள் என் மகள். அவள் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

கடை முதலாளி ராஜராஜன் உள்ளறையிலிருந்து வந்தார். நெற்றியில் விபூதி, வாய் நிறையச் சிரிப்பு. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "வாங்க வாங்க, உக்காருங்க. எந்த ஊருங்க?"

"தென்னம்படுகைங்க."

"அட, நம்ம கோயில் ஊரு! தேர் வேலையெல்லாம் நம்மதான் பண்ணிக் குடுத்தோம். விழாக் கமிட்டி துரைராசு அண்ணன் நமக்கு ரொம்ப வேண்டியவரு. நீங்க எந்தத் தெருங்க?"

எங்கள் பக்கத்தில் சாதியை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். தெருவைக் கேட்பார்கள்.

"வடக்குப் படுகைத் தெரு."

யோசித்தார். "அப்படி ஒரு தெருவா... வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமாங்க."

"ஓ" என்றார்.

அந்த 'ஓ' எனக்குப் பழக்கமானது. அதில் வசவு கிடையாது, முகச்சுளிப்புக்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு பேச்சிலிருந்து 'ங்க' ஒவ்வொன்றாக உதிரும், அவ்வளவுதான். "எழில், இவங்களுக்கு என்ன வேணும்னு பாரு" என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்தவர், எதையோ நினைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணும் உங்க பக்கம்தான். திருவிடைமருதூர் மேலவீதி. பாத்திருக்கியளா?" என்று கேட்டார்.

குஞ்சிதபாதத்துக்கு இருமல் வந்தது.

"இல்லைங்க. பெரிய ஊராச்சே" என்றேன்.

என் மகள் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. ஷமா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. அந்தப் பெண் எழுந்து தன் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டாள்.

எழில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாள். சங்கத்தின் பெயர் விதவிதமாக ஸ்கிரீனில் வந்து போயிற்று. குஞ்சிதபாதத்துக்கு எதுவும் பிடிக்கவில்லை. "இது கண்ணீர் அஞ்சலிக்குப் போடற எழுத்து, வேண்டாம். இது பிரியாணிக் கடை. இது கட்சிக்காரன் சுவத்துல எழுதறது." அவனுக்குக் கோபம் எழுத்தின் மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த 'ஓ' மேல் கோபம். மேலவீதி மேல் கோபம். "இல்லைங்க" என்று சொன்ன என் வாயின் மேல் கோபம். அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். சுவரில் இருந்த தேர்ப் பேனரைக் கை காட்டினேன்.

"எங்களுக்கு அந்த எழுத்து வேணும்."

ராஜராஜன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அது கோயிலுக்குன்னே போட்டது. வெளிய குடுக்கறதில்ல."

"யாரு வரைஞ்சது?"

"நம்ம எழில்தான். கை அப்படி! துரைராசு அண்ணன் பாத்துட்டு, சாமி கையால எழுதின மாதிரி இருக்குன்னாரு. எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கோம்."

நான் என் மகள் பக்கம் திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. அவள் கண்ணில் 'வேண்டாம்ப்பா' என்று இருந்தது. பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். "வரைஞ்சவங்க நீங்கதானே மேடம். எங்க தெருவுக்கு அந்த எழுத்தத் தருவீங்களா?"

அவள் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது உங்களுக்குச் சரிப்பட்டு வராது சார்" என்றாள். "வேற நல்லதாப் பாத்து நானே போட்டுத் தர்றேன்."

சரி என்று சொல்லி, போர்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் குஞ்சிதபாதம் கண்டக்டரிடம், பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "காலனி ரெண்டு!" என்றான். அந்தப் பெயரை மாற்றக் கலெக்டர் ஆபீஸுக்கு என்னோடு அலைந்தவன் அவன். அவன் பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒரு பெண்ணைப் பெற்றவன், அவள் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டே, நாலு பேர் முன்னால் அவளை மூலையில் நெருக்கிவிட்டு வந்தவன். அதுவும் எதற்கு? என் வெள்ளைச் சட்டைக்கு ஒரு மரியாதை கிடைக்கவில்லை என்பதற்கு.

சாயங்காலம் வாசலில் நின்று பார்த்தேன். கும்பகோணம் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நிற்காமல் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த ஸ்டாப்பான ரைஸ்மில் பக்கமிருந்து வாய்க்கால் கரையோடு எழில் நடந்து வந்தாள். தினமும் அந்த வழியாகத்தான் வருவாள். காற்றாட நடந்து வருகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்டக்டராம் கண்டக்டர்!

வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை.

"ஏம்ப்பா சொல்லாம வந்தீங்க?"

"நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேம்மா."

"ஒரு போன் போட்டிருந்தா நான் லீவு போட்டிருப்பேன்ல?"

அந்தப் பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கும் தைத்திருக்க வேண்டும், குரல் இறங்கியது.

"இதுக்கு முன்னாடி இருந்த கடையில உண்மையச் சொன்னேன்ப்பா. எந்தத் தெருன்னு கேட்டாங்க, சொன்னேன். மறுநாள்லேருந்து கோயில் வேலை ஒண்ணுகூட எங்கிட்ட வரல. கும்பாபிஷேகப் பத்திரிகை, உபயதாரர் பேனர், எல்லாம் வேற ஆளுக்கு. எனக்கு லேமினேஷனும் கண்ணீர் அஞ்சலியும்தான். யாரும் திட்டல, ஒண்ணும் சொல்லல. சும்மா வரல, அவ்வளவுதான். எனக்கு எழுத்து வரையணும்ப்பா. நம்ம ஊர்ல பெரிசா எழுத்துக்குன்னு யாரு மெனக்கெடறாங்க, கோயில விட்டா? அதான் இங்க மேலவீதின்னேன்."

"சரிம்மா" என்றேன்.

"உங்கள சார்னு கூப்பிட்டேனே" என்று சொன்னவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள். ராமாயி வந்து என்னையும் அவளையும் பார்த்தாள். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு கடைப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. எழில் வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ வரைவாள். நான் பக்கத்தில் போனால் மூடிவிடுவாள். இந்த வருஷத் தேருக்கான வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். குஞ்சிதபாதம் மட்டும் அவ்வப்போது, "என்னய்யா, மேடம் போர்டு அனுப்புவாங்களா?" என்று கேட்பான். எனக்குக் கோபம் வரவில்லை. என் கோபத்துக்கே முதல்முறையாகச் சளி பிடித்த மாதிரி இருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ராஜராஜனிடமிருந்து போன் வந்தது. போர்டு தயார், வண்டியில் ஏற்றியாகிவிட்டது, கடைப் பையன் வரவில்லை, வெல்டரைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன் என்றார். "அப்படியே ஊருக்குள்ள துரைராசு அண்ணனையும் பாக்கணும், இந்த வருஷத் தேர் விஷயமா."

எழில் கொல்லையில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலே நான் பார்த்துக்கொள்வேன் என்று கிளம்பினேன். வீடு வீடாகப் போனேன். நலச் சங்கத் தலைவர், தெருவின் பெயரை மாற்றியவர், ஒவ்வொரு வாசலாக நின்று என்ன கேட்டேன் தெரியுமா? "போர்டு மாட்ட ஒரு ஆள் வராரு. எழிலு நம்ம தெருப் பொண்ணுன்னு காட்டிக்காதீங்க. அவ பேரையே எடுக்காதீங்க."

ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன், கத்தினதில் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கும். "சரி மாமா" என்றார்கள். "அதுக்கென்ன சித்தப்பா" என்றார்கள். நர்ஸ் வேலைக்குப் போகிற பெண் தலையை மட்டும் ஆட்டினாள். பாங்கில் இருக்கிறவனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பையனும் அங்க வாடகை வீட்டுல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கான். என்னையே வர வேணாங்கிறான்" என்றாள். என் தெரு எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது என்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. குனிந்த தலையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

லோடு ஆட்டோ வந்தது. ராஜராஜன் இறங்கி, படிப்பகத்தைச் சுற்றிப் பார்த்து, "நல்லாக் கட்டிருக்கீங்க" என்றார். மனிதர் வேலையில் சுறுசுறுப்பு. வெல்டரோடு சேர்ந்து தானும் ஏணியைப் பிடித்தார். போர்டைச் சுற்றியிருந்த காகிதத்தைக் கிழித்தார்கள். தெருவே கூடியிருந்தது.

வடக்குப் படுகைத் தெரு மக்கள் நலச் சங்கம்.

கோயில் எழுத்து அல்ல அது. எனக்குத் தெரிந்த எந்த எழுத்தும் அல்ல. கோயில் எழுத்தில் இருந்த அலங்காரம் இதில் இல்லை. கனமாக, நிமிர்ந்து, ஒன்றோடு ஒன்று தோளை ஒட்டிக்கொண்டு நின்றன எழுத்துக்கள். ஆனால் 'வ'வின் சுழியைப் பார்த்ததும் கண்டுகொண்டேன். அதே மடைத் தண்ணீர். அதே கை. சாயங்காலங்களில் லேப்டாப்பை மூடி மூடி அவள் மறைத்தது இதைத்தான்.

குஞ்சிதபாதம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் தோளில் கை வைத்தான்.

"இதுக்குப் போயி எழில் எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டான்னு எனக்குப் புரியல" என்றார் ராஜராஜன். "புதுசா உக்காந்து வரைஞ்சிருக்கா. கேட்டா, அவங்களுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும் சார்ங்கிறா. பொண்ணுக்கு மனசு பெரிசு."

தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது. ஒரு சின்னப் பெண் பிள்ளை எதையோ சொல்ல வாயெடுத்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். என் கண் அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இதற்குள் எனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் ஒன்று நடந்திருக்கிறது. ராமாயி பிறகு சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி கொல்லை வழியாக வந்து, "எழில வெளிய வந்துடாதன்னு சொல்லுக்கா. மாமா சொன்னபடி எல்லார்ட்டயும் சொல்லியாச்சு, ஒருத்தரும் அவ பேர எடுக்க மாட்டாங்க" என்று சொல்லியிருக்கிறாள். எழில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "எல்லார்ட்டயுமா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான்.

வெளியே போர்டை மாட்டி முடித்த ராஜராஜன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். நான் ராமாயியைக் கூப்பிட வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

வாசற்படியில் எழில் நின்றாள். கையில் செம்பும் டம்ளரும். வெறுங்கால். தலையில் எண்ணெய் வழிந்து நெற்றியில் மினுங்கியது. வீட்டில் போடுகிற வெளுத்த நைட்டி, மேலே ஒரு துண்டு. படியிறங்கி நேராக அவரைப் பார்த்து வந்தாள். அவள் முகத்தில் அந்த அடுத்த ஸ்டாப் முகம் இல்லை. எதையோ சொல்ல உதட்டைப் பிரித்தாள்.

அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வாங்க மேடம்! போர்டு பாக்க வந்தீங்களா?"

யாரோ என் குரலில் பேசின மாதிரி இருந்தது. பஸ் முழுக்கக் கேட்கிற குரல், தெருக்கோடி வரை கேட்டது.

எழில் அப்படியே நின்றாள். ராஜராஜன் அவளைப் பார்த்தார். எண்ணெய்த் தலையைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார். அந்தக் கோலத்தில் யார் எங்கே போர்டு பார்க்க வருவார்கள்? பிறகு என்னைப் பார்த்தார். என் மூக்கை.

எழில் டம்ளரில் தண்ணீரை ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

"இவரு எங்கப்பா சார்" என்றாள். "இதுதான் எங்க வீடு."

"ஓ" என்றார் ராஜராஜன்.

அதே 'ஓ'. என்மேல் எத்தனையோ முறை விழுந்திருக்கிறது, துடைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று அது என் மகள்மேல் விழுந்தது. அவள் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

அவர் தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கொடுத்தார். "நாளைக்கு வா, பேசுவோம்" என்றார். வெல்டரைக் கூப்பிட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் துரைராசு வீட்டுப் பக்கம் திரும்பியது.

கூட்டம் மெல்லக் கலைந்தது. எல்லோரும் எங்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"ஏம்ப்பா மேடம்னீங்க?" என்று எழில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கடையில் அவள் என்னை சார் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. பிடித்த வேலை கையைவிட்டுப் போய்விடும் என்று பயந்தாள். நான் நின்றது என் தெரு. என் வீட்டு வாசல். தலைக்கு மேலே அவள் எழுதிக் கொடுத்த எங்கள் பெயர். எனக்கு என்ன போய்விடும்? என் மகள் என்னை அப்பா என்று சொல்லத்தான் வெறுங்காலோடு வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

"பழக்கம்மா" என்றேன்.

அவள் போர்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.